புழல் சிறைச் சமையற்கட்டில் கற்ற உணவுப் பாதுகாப்பு வெளியே சோறு போடுமா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி புழல் தண்டனைச் சிறையில் இருக்கிறார். கொஞ்ச நாளாகச் சமையற்கட்டில் வேலை. உணவுப் பாதுகாப்பு வகுப்பு ஒன்று வரப்போகிறது, ஒரே நாள், சான்றிதழ் உண்டு, பேர் கொடுக்கிறாயா என்று உள்ளே கேட்டிருக்கிறார்கள். விடுதலைக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. "இதில் சேர்வதால் பிரயோஜனம் உண்டா? வெளியே வந்தால் எவனாவது வேலை கொடுப்பானா? இல்லை, கணக்குக் காட்டுவதற்காக நடத்தும் வகுப்பா?" என்பது கேள்வி.

உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில். பெரம்பூர், மூலக்கடை, மாதவரம் பக்கத்து ஓட்டல்காரர்களுக்கும் கேன்டீன் ஆட்களுக்கும் வகுப்பு எடுக்கிறேன். சிறைக்குள்ளும் எடுத்திருக்கிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தம்பி சேரட்டும். ஆனால் அந்தச் சான்றிதழை நம்பி யாரோ கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். அவர் சொந்தமாக ஒரு வண்டியோ சின்ன மெஸ்ஸோ போடும் நாளில்தான் இந்தப் படிப்பு சம்பாதித்துக் கொடுக்கும். அந்த நோக்கத்தோடு படித்தால் நாலு வருடமும் பயிற்சிக் காலம்தான்.

முதலில் அந்தச் சான்றிதழ் என்னவென்று பார்ப்போம். 2006-இல் வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2011 ஆகஸ்டில் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. அதை நடத்தும் மத்திய ஆணையம்தான் எஃப்எஸ்எஸ்ஏஐ. பாக்கெட் உணவில் பதினாலு இலக்க எண்ணோடு பார்ப்பீர்களே, அதே ஆள். அவர்கள் 2017-இல் ஃபாஸ்டாக் என்று ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார்கள். (டோல்கேட் ஸ்டிக்கருக்கும் கிட்டத்தட்ட இதே பேர்தான். வகுப்புக்கு வருகிறவர்களில் ஒருவராவது லாரி ஞாபகத்தில் கேட்பார்.) அடிப்படை, மேல்நிலை, சிறப்பு என்று நிலைகள் உண்டு. சமையல் தொழிலுக்கு, பேக்கரிக்கு, தெருவோரக் கடைக்கு என்று தனித்தனிப் பாடமும் உண்டு. அடிப்படை வகுப்பு சில மணி நேரம், மேல்நிலை ஏறக்குறைய ஒரு நாள். கடைசியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் சின்னத் தேர்வு. தேறினால் 'உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்' சான்றிதழ். உணவைக் கையாளும் 25 பேருக்கு இப்படிப் பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் எதிர்பார்ப்பு.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. இந்தச் சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும். நாலு வருடம் பாக்கி இருப்பவர் இப்போது வாங்கினால் வெளியே வரும்போது அது வெறும் காகிதம். ஆகவே இப்போது வகுப்பில் உட்காரட்டும், பாடத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். விடுதலைக்கு முந்தைய வருடத்தில் மறுபடி ஒரு முறை எழுத வேண்டும் என்பதை இன்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் க்ளிங்க் என்றொரு அறக்கட்டளை 2009 முதல் சிறைக்குள்ளேயே உணவகம் நடத்திச் சமையலும் உணவுப் பாதுகாப்பும் சொல்லிக்கொடுக்கிறது. அவர்கள் ஆள் எடுப்பதே, தண்டனை முடிய ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை இருக்கிறவர்களைத்தான். படிப்பு முடிந்த கையோடு வெளியே வர வேண்டும், வந்த பிறகும் ஒரு ஆள் கூடவே நின்று வேலைக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் முறை. நம்மூரில் வகுப்பு எந்த மாதம் ஏற்பாடாகிறதோ அந்த மாதம் சமையற்கட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களை உட்கார வைத்துவிடுகிறோம். விடுதலைத் தேதியைப் பார்த்து ஆள் எடுப்பது அரிது. இதை மாற்ற ஒரு ரூபாய்கூட ஆகாது.

சரி, ஒரே நாளில் என்ன கற்றுக்கொடுத்துவிட முடியும்? வகுப்பில் கொஞ்சம்தான். ஆனால் சிறைச் சமையற்கட்டு மாதிரி ஒரு பள்ளிக்கூடம் வெளியே கிடைக்காது.

வெளியே ஓட்டலில் சமைத்த சோறு அரை மணி நேரத்தில் இலைக்குப் போய்விடும். சிறையில் ராச்சோறு சாயங்காலமே கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் ஆறு மணி வாக்கில் லாக்-அப், எல்லாரையும் செல்லில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதற்காக மதியத்திலேயே உலை வைக்கிறார்கள். வாங்கிப் போகிறவர் உடனே சாப்பிடமாட்டார். தட்டில் மூடி வைத்து எட்டு, ஒன்பது மணிக்குச் சாப்பிடுவார். உலையிலிருந்து வாய்க்கு ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். சென்னை வெயிலில், மூடிய செல்லில்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும், அதன் வித்து சாகாது. சோறு ஆறி வெதுவெதுப்புக்கு வந்ததும் அந்த வித்து முளைத்துப் பெருகும், நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே உணவு எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதுதான் எங்கள் தொழிலின் முக்கால்வாசிப் பாடம். சூடாகப் பரிமாற வேண்டியதை 65 டிகிரிக்குக் குறையாமல் வை, இறைச்சி உணவென்றால் 70, குளிர வைப்பதை 5-க்குக் கீழே வை. திரும்பச் சூடு பண்ணினால் நடுப்பகுதி 75 தொட வேண்டும். வெளியே ஓட்டல்காரரிடம் இதைச் சொன்னால், "நம்ம கடையில மிஞ்சினாத்தானே சார்" என்று சிரிப்பார். உள்ளே சொன்னால் சிரிக்கமாட்டார்கள். ராத்திரி வாந்தி வந்தால் கதவு திறக்க ஆள் கூப்பிட வேண்டும் என்பது அங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். தினமும் பெரிய அண்டாக்களில் அந்த நேரக்கணக்கோடு வேலை செய்கிறவர், வெளியே வந்து அம்பது பேருக்குச் சாம்பார் சாதம் கட்டிக் கொடுப்பதில் தடுமாறமாட்டார்.

உள்ளே வகுப்பு எடுப்பதில் வேடிக்கையான சிக்கல்களும் உண்டு. சோற்றின் நடுவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் கம்பி மாதிரி கூராக இருக்கும். கேட்டில் அதற்குத் தனியாக அனுமதி வாங்கி, போகும்போதும் வரும்போதும் எண்ணிக் காட்ட வேண்டும். கத்திகளும் அப்படித்தான், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள். இந்த எண்ணும் பழக்கம் எனக்கு வசதியாகப் போயிற்று. எந்த ஓட்டல் சமையல்காரரிடமும் 'எத்தனை மணிக்கு இறக்கினாய், எத்தனை டிகிரி' என்று நோட்டில் எழுத வைக்க நான் படுகிற பாடு கொஞ்சமல்ல. சிறையில் எல்லாமே நோட்டு. இன்னொரு பத்தி சேர்த்துக்கொள்ளச் சொன்னால் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கை கழுவும் பாடத்துக்கு நான் செய்வது இதுதான். மஞ்சள் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து இரண்டு கையிலும் தடவச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு, சோப்புப் போட்டு, வழக்கம்போலக் கழுவிவிட்டு வரச் சொல்வேன். கண்ணைத் திறந்தால் உள்ளங்கை சுத்தமாக இருக்கும். கட்டைவிரலின் பின்பக்கம், நகக்கண், விரல் இடுக்கு, மோதிரம் போட்ட இடம் எல்லாம் மஞ்சளாகவே இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கும் இது ஒரு முறை போதும். அடுத்த தடவை தானாகவே கட்டைவிரலைத் தேய்ப்பார்.

வகுப்பால் மட்டும் தீராத ஒரு விஷயம் உண்டு. வயிற்றுப்போக்கு, வாந்தி, கையில் சீழ் பிடித்த புண் இருப்பவர் உணவைத் தொடக்கூடாது என்பது அடிப்படை விதி. ஆனால் சமையற்கட்டு வேலை சிறைக்குள் கிராக்கியான வேலை. கொஞ்சம் கூலி, கொஞ்சம் நல்ல சாப்பாடு, பிளாக்கை விட்டு வெளியே வரும் சுதந்திரம் எல்லாம் இருக்கிறது. "வயித்தால போகுதுன்னு சொன்னா செட்டை விட்டுத் தூக்கிடுவாங்க சார்" என்று ஒருவர் வகுப்பிலேயே சொன்னார். அவர் சொல்வது நியாயம். தினக்கூலிக்கு வரும் பரோட்டா மாஸ்டரும் இதே காரணத்துக்காகத்தான் காய்ச்சலை மறைக்கிறார். ஆகவே நான் வார்டர்களிடமும் பேசுவேன். மூன்று நாள் ஓய்வெடுத்துத் திரும்பினால் அதே வேலை கிடைக்கும் என்று உறுதி கொடுங்கள், அப்போதுதான் உண்மை வாய்க்கு வரும் என்று. கேட்கிற இடத்தில் கேட்பார்கள்.

சமையற்கட்டுக்கு யாரை எடுப்பது என்பதிலும் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்திருக்கிறது, குடும்பத்தார் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சாதி பார்த்துச் சமையல் வேலையும் துப்புரவு வேலையும் பிரித்துக் கொடுக்கும் சிறைக் கையேட்டு விதிகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. யாரும் யார் சமைத்ததையும் சாப்பிடலாம், யாரும் சமைக்கலாம். பயிற்சியில் இடம் கொடுக்கும்போதும் இது பொருந்தும். உங்கள் தம்பி சமையற்கட்டில் பெருக்கும் வேலையிலேயே நிறுத்தப்பட்டிருந்தால், அடுப்படிக்கு மாற்றச் சொல்லி மனுக் கொடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது.

இப்போது வெளியே வருவோம். வேலை கிடைக்குமா?

மணலி, எண்ணூர் பக்கம் பெரிய தொழிற்சாலை கேன்டீன்களில் ஆள் தேவை எப்போதும் உண்டு. ஆனால் கான்ட்ராக்டர்கள் போலீஸ் சரிபார்ப்புக் கேட்பார்கள். அங்கேயே பாதிப்பேருக்குக் கதவு மூடிவிடும். நட்சத்திர ஓட்டல் கதையும் அதுதான். சின்ன பிரியாணிக் கடை, டீக்கடை, கல்யாணச் சமையல் செட் என்றால் வழக்கைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். தெரிந்த ஆள் மூலமாகப் போனால் போதும். ஆனால் சான்றிதழையும் கேட்கமாட்டார்கள், சம்பளமும் அதற்காக ஏறாது. இதுதான் நிலவரம். 'புழல்லயா இருந்தே' என்ற கேள்விக்கு அந்தக் காகிதம் பதிலாகாது.

மற்ற மாநிலச் சிறைகளும் இதே சுவரில் முட்டி நிற்கின்றன. உள்ளே தயாரித்து வெளியே விற்பதில் நாம் நன்றாகவே கற்றுவிட்டோம். கேரளாவில் சிறைச் சப்பாத்திக்கு வரிசையில் நிற்கிறார்கள். திருச்சூர் விய்யூர் சிறை 2019-இல் பிரியாணி காம்போவை ஆன்லைன் டெலிவரியில் விற்றது. டெல்லி திகார் சிறையில் டிஜேஸ் என்ற பேரில் பேக்கரிப் பொருள்கள் வருகின்றன. தமிழ்நாட்டில் 'ஃப்ரீடம்' என்ற பேரில் சிறை அங்காடிகள் இருக்கின்றன. புழலில் பெண் சிறைவாசிகள் பெட்ரோல் பங்க்கே நடத்துகிறார்கள். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த அங்காடியில் பன் சுட்டவர் விடுதலையான மறுநாள் யாருடைய கடையில் பன் சுடுகிறார் என்று யாரும் பின்தொடர்ந்து பார்ப்பதில்லை.

அதனால்தான் சொந்தக் கடை என்கிறேன். இதற்கான சட்டம் உங்கள் தம்பிக்கு எதிராக இல்லை. தள்ளுவண்டி, சின்ன மெஸ், வீட்டிலிருந்து சமைத்து விற்பது போன்ற சிறு உணவுத் தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். ஃபாஸ்காஸ் என்ற எஃப்எஸ்எஸ்ஏஐ இணையதளத்தில் 'படிவம் ஏ' நிரப்ப வேண்டும். பெயர், முகவரி, அடையாள அட்டை, என்ன உணவு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஆண்டு விற்பனை எவ்வளவு, இவ்வளவுதான் கேட்கும். வழக்கு, தண்டனை பற்றிக் கேட்கும் கட்டமே அதில் கிடையாது. 2011 ஒழுங்குமுறையில் 12 லட்சம் ரூபாய் ஆண்டு விற்பனை வரை பதிவு, கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் அன்று இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உண்மையான முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஆதாரில் பழைய வாடகை வீட்டு முகவரி இருக்கும். அந்த வீட்டைக் காலி செய்து வருடங்கள் ஆகியிருக்கும். செல்போன் எண் செத்துப்போயிருக்கும், ஓடிபி வராது. படிவம் அங்கேயே நின்றுவிடும். இதை விடுதலைக்கு முன்பே சரி செய்யலாம். உங்கள் முகவரிக்கு மாற்றுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நன்னடத்தை அலுவலரிடம் (விடுதலையாகிறவர்களைக் கவனிக்கும் அரசு அலுவலர்) இப்போதே கேட்டு வையுங்கள்.

மருத்துவச் சான்று இன்னொன்று. உணவைக் கையாளுகிறவர் வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை செய்து, தகுதியானவர் என்று பதிவு பெற்ற மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். சோதனைக்கு வரும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் முதலில் கேட்பது பதிவுச் சான்று, அடுத்தது இதுதான்.

என்ன கடை போடலாம் என்பதை அவர் கையும் உங்கள் தெருவும்தான் சொல்ல வேண்டும். ஆனால் வடசென்னைச் சாப்பாட்டுக்கு ஏற்ற மாதிரி பாடத்தை மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். பொதுப் பாடத்தில் சாண்ட்விச்சும் சாலடும் இருக்கும், நமக்கு அதனால் என்ன லாபம்?

பர்மா நூடுல்ஸான அத்தோவை எடுத்துக்கொள்வோம். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும், அத்தோ வண்டிக்கு வாடிக்கையாளர் பஞ்சம் இல்லை. ஆனால் தொழில்முறையில் பார்த்தால் அது ஆபத்தான பண்டம். வேக வைத்து ஆறிய நூடுல்ஸ், பச்சை முட்டைகோஸ், பச்சை வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு எல்லாவற்றையும் கையால் பிசைகிறோம். பிசைந்த பிறகு அடுப்புக்கே போவதில்லை. கையில் ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தால் அதிலிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி நேராகத் தட்டுக்குப் போகும். புளி கொஞ்சம் காப்பாற்றும், முழுக்கக் காப்பாற்றாது. முட்டைகோஸை நறுக்கும் முன் இதழ் பிரித்துக் குளோரின் தண்ணீரில் ஊற வைத்து நல்ல தண்ணீரில் அலசுவது, நூடுல்ஸை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக வேக வைப்பது, காசு வாங்க வேறு ஆள் வைப்பது. இந்த மூன்றைச் செய்கிற வண்டியில் நானே நின்று சாப்பிடுவேன். கையுறை போட்டு அதே கையால் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கொடுக்கிற வண்டியில் சாப்பிடமாட்டேன்.

மீன் வறுவல் என்றால் காசிமேட்டில் விடியற்காலை வாங்கிய மீனை எந்த ஐஸில் வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. அந்த ஐஸ் மீனுக்கானது. அதை உடைத்து மோருக்கோ ரோஸ்மில்க்குக்கோ போடுகிற வேலையே கூடாது. எண்ணெய் அடுத்தது. வறுத்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் கெட்டு உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்பது 2018 ஜூலை முதல் விதி. வண்டிக்காரர் கருவி வாங்க முடியாது. நுரை அடங்காமல் நின்றால், கறுத்துக் கெட்டியானால், புகை சீக்கிரம் கிளம்பினால் அந்த எண்ணெயின் கதை முடிந்தது. பஜ்ஜியைச் செய்தித்தாளில் கட்டிக் கொடுப்பதற்கும் தடை இருக்கிறது, மை உணவில் இறங்கும். பச்சை முட்டை மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஒரு வருடத்துக்குத் தடை செய்தது. 2024 பிப்ரவரியில் ரோடமின் பி சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. சிறைக்குள் இருப்பவருக்கு இந்தச் செய்திகள் போய்ச் சேராமலே இருக்கலாம். நீங்கள் பத்திரிகையில் பார்ப்பதைக் கிழித்து வைத்து, மனு பார்க்க, அதாவது சிறையில் அவரைச் சந்திக்க, போகும்போது சொல்லிவிட்டு வாருங்கள். வெளியே வருகிறவர் நாலு வருடப் பழைய பாடத்தோடு கடை போடக்கூடாது.

முதலீட்டுக்கு: விடுதலையான சிறைவாசிகளுக்கு உதவும் சங்கம் தமிழ்நாட்டில் உண்டு, சிறுதொழில் தொடங்க நிதி கொடுப்பார்கள். விண்ணப்பம் நன்னடத்தை அலுவலர் வழியாகப் போக வேண்டும். 'ஏதாவது தொழில் செய்வேன்' என்று எழுதினால் கோப்பு அப்படியே கிடக்கும். பதிவு எண், ஃபாஸ்டாக் சான்றிதழ், வண்டிக்கான விலைப்பட்டியல் மூன்றையும் சேர்த்து வைத்தால் கேட்கிற அதிகாரிக்கும் கையெழுத்துப் போடச் சுலபம். சான்றிதழுக்கு நான் பார்த்த நேரடிப் பயன் இந்த இடத்தில்தான். மாநகராட்சியின் தெரு வியாபாரி அடையாள அட்டைக்கும் மனுக் கொடுங்கள். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி வரும் அட்டை அது, இருந்தால் வண்டியைத் தூக்கிப் போவது அவ்வளவு சுலபமில்லை.

மேலே படிக்க ஆசை இருந்தால் புழலில் இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையம் இருக்கிறது, சிறைவாசிகளுக்குக் கட்டணம் கிடையாது. உணவும் ஊட்டச்சத்தும் பற்றி ஒரு சான்றிதழ்ப் படிப்பு அவர்களிடம் உண்டு. நாலு வருடத்தில் தாராளமாக முடிக்கலாம். அதற்குக் காலாவதி கிடையாது.

அடுத்த முறை மனு பார்க்கும்போது தம்பியிடம் நாலு விஷயம் கேட்டு வாருங்கள். வகுப்பு நடத்துவது எஃப்எஸ்எஸ்ஏஐ அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனமா, இல்லை யாரோ ஒரு தொண்டு அமைப்பு தானே அச்சடித்துக் கொடுக்கும் காகிதமா? சான்றிதழில் பயிற்சி முகவரியாகச் சிறையின் பெயர் வருமா? வரும் என்றால் பயிற்சி நிறுவனத்தின் முகவரியைப் போடச் சொல்லி வகுப்புக்கு முன்னாலேயே கேட்க வேண்டும், அச்சடித்த பிறகு மாற்றமாட்டார்கள். ஆதாரில் இருக்கும் அதே எழுத்தில் பெயரைக் கொடுத்திருக்கிறாரா? தேர்வில் கேள்வி தமிழில் வருமா, படிக்கச் சிரமப்படுகிறவருக்கு வாசித்துக் காட்டுவார்களா? பதிலைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.